முகம் கழுவ மறந்த நாள்

ஞானாம்பாள் டீச்சரிடம் படித்த பிள்ளைகள் யாரும் வெறும் பிள்ளைகளாக மட்டும் அந்தப் பள்ளிக்கூடத்தைக் கடந்து போனதில்லை. ஒருத்தி கொள்ளிடம் ஆறாக இருந்து, "வெள்ளம் வந்தால் மட்டும் என் பக்கம் தள்ளிவிடுகிறாயே, நல்ல தண்ணீர் வரும்போது என் ஞாபகமே வராதா" என்று அக்கா காவிரிக்குக் கடிதம் எழுதியிருப்பாள். ஒருவன் ராஜராஜன் காலத்தில் நிலம் அளந்த ஆளாக இருந்து, சொந்த மாமனார் வயலை அளக்க நேர்ந்த அன்றைக்கு அளவுகோல் கையில் எப்படி ஆடியது என்று எழுதியிருப்பான். மாமனார் என்றால் யாரென்று சரியாகத் தெரியாத வயதில் இதையெல்லாம் எழுதினான் என்பதுதான் வேடிக்கை.

திருவையாற்றிலிருந்து கொள்ளிடக் கரைப் பக்கம் போகும் சாலையில், வயல்களுக்கு நடுவே இருந்தது அந்த உயர்நிலைப் பள்ளி. அடைமழைக் காலத்தில் எது விளையாட்டு மைதானம், எது நடவு வயல் என்று புதிதாக வந்தவருக்குத் தெரியாது. டீச்சர் பிறந்தது சீர்காழியில். கல்யாணமாகித் திருவையாற்றுக்கு வந்த கையோடு இந்தப் பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கச் சேர்ந்தவர், வேறெங்கும் போகவில்லை. கணவர் ராமச்சந்திரன் கூட்டுறவு வங்கியிலிருந்து ஓய்வு பெற்று, காலையில் செய்தித்தாள், மாலையில் அதே செய்தித்தாள் என்று காலம் தள்ளிக்கொண்டிருந்தார். மகள் அம்ருதா பெங்களூரில். டீச்சருக்கு அடுத்த வருஷம் ஓய்வு.

இந்த வேஷக் கட்டுரை விஷயத்தை அவர் பிடித்துக்கொண்டது தஞ்சாவூரில் நடந்த ஓர் ஆசிரியர் பயிற்சியில். மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் வைத்த வகுப்பு. சாம்பார் சாதமும் மின்விசிறியும் சேர்ந்து அரங்கத்தில் பாதிப் பேரைச் சாய்த்துவிட்டன. மீதிப் பேர் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தார்கள். "பிள்ளை இன்னொருவராக மாறி, இன்னாரிடம், இதைப் பற்றி என்று எழுதட்டும். எந்தப் பாடத்துக்கும் இது ஆகும்" என்று மேடையில் ஓர் அம்மாள் சொன்னதை நிஜமென்று நம்பி ஊருக்குத் தூக்கிக்கொண்டு வந்தது ஞானாம்பாள் ஒருவர்தான்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பாடம் முடிந்ததும் ஒரு பழைய ஊறுகாய் பாட்டில் வகுப்புக்கு வரும். அதற்குள் சீட்டுகள். கையை விட்டு எடுக்க வேண்டும். நீ யார், யாரிடம் பேசுகிறாய் என்று சீட்டில் இருக்கும். எழுதி முடித்ததும் முன்னால் வந்து நின்று படிக்க வேண்டும். வகுப்பு கேள்வி கேட்கும். கொள்ளிடமாக வந்தவள் கொள்ளிடமாகவே பதில் சொல்ல வேண்டும். நடுவில் சிரித்துவிட்டால் போச்சு, திரும்பவும் முதலிலிருந்து.

மற்ற ஆசிரியர்கள் இதற்கு வைத்த பெயர் டிராமா கம்பெனி. "என்ன டீச்சர், கம்பெனியில இன்னைக்கு என்ன நாடகம்?" என்று கணக்கு வாத்தியார் வெங்கட்ராகவன் ஆசிரியர் அறையில் கேட்காத நாள் கிடையாது. அதே மனிதர் ஒருநாள் யாருக்கும் தெரியாமல், "நீ ஒரு பின்னத்தின் கீழே இருக்கும் எண். எந்நேரமும் தலைமேல் உட்கார்ந்திருப்பவரைப் பற்றி முறையிடு" என்று எட்டாம் வகுப்புக்குக் கொடுத்துப் பார்த்தார். பின்னம் என்றாலே வயிற்றைக் கலக்கும் பிள்ளைகள் பக்கம் பக்கமாக எழுதின. அறிவியல் வாத்தியார் லியோ, ரத்தத்தின் சிவப்பணுவை நுரையீரலிடம் வேலைக்கு விண்ணப்பிக்க வைத்தார். இரண்டு பேரும் கடைசிவரை கேலியை நிறுத்தவில்லை. ஆனால் அவ்வப்போது பாட்டிலைக் கடன் வாங்கிக்கொண்டு போனார்கள்.

டீச்சருக்கு இதில் இரண்டு சட்டம் உண்டு. இரண்டுமே அடிபட்டுக் கற்றவை. சுகாதாரப் பாடத்தில் ஒரு பெண் கொசுவாக நின்று பிரமாதமாகப் பேசினாள். பேசியதன் பலன், அதற்கப்புறம் பள்ளிக்கூடமே அவளைக் கொசு என்று கூப்பிட்டது. அவள் அழுதுகொண்டே மாற்றுச் சான்றிதழ் கேட்டு வந்தபோதுதான் டீச்சருக்கு உறைத்தது. அன்றிலிருந்து, பேசி முடித்தவர் நேராக வேப்பமரத்தடிக் குழாய்க்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வர வேண்டும். வாசலில் நின்று டீச்சர், "வேஷம் கலைஞ்சுது" என்பார். அதற்கு மேல் அந்தப் பெயரைச் சொல்லி யாரும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டால் ஒரு வாரம் வகுப்பைக் கூட்ட வேண்டும். பிள்ளைகள் இந்தச் சட்டத்தைப் பள்ளிக்கூடத்தின் வேறெந்தச் சட்டத்தையும் விட மதித்தார்கள்.

இரண்டாவது, சொந்த வீட்டு ஆட்கள் வேஷம் கூடாது. ஒரு பையன் தன் அப்பாவாகப் பேசப்போய், அப்பா குடித்துவிட்டு வந்து என்ன செய்வார் என்பதையும் சேர்த்துப் பேசிவிட்டான். சாயங்காலத்துக்குள் விஷயம் அப்பாவின் காதுக்குப் போய், அந்தப் பையன் மறுநாள் கன்னம் வீங்கி வந்தான். அதோடு டீச்சர் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்.

சாத்திய கதவை அவரே திறந்தார். அதுதான் இந்தக் கதை.

போன வருஷம் சம்பா நடவு நேரம். நடவுப் பெண்களை ஏற்றிக்கொண்டு போன ஒரு மினி வேன் கொள்ளிடக் கரைச் சாலை வளைவில் கவிழ்ந்தது. பலருக்குக் கை கால் முறிந்தது. உயிர் போனது சகாயமேரிக்கு மட்டும். அவளுடைய மூத்த மகள் பிரின்ஸி ஒன்பதாம் வகுப்பு, டீச்சரின் வகுப்பு. இளையவள் ஜெனிக்கு அப்போது நாலு வயதுகூட நிரம்பவில்லை. அப்பா குழந்தைராஜ் நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர். அடக்கத்துக்குப் போன ஆசிரியர்கள் எல்லோருக்கும் ஞாபகமிருந்தது ஒன்றுதான். கல்லறைத் தோட்டத்தில் மழைச் சேற்றில் வழுக்கி வழுக்கி நடந்துகொண்டே, "அம்மா எப்ப வரும்?" என்று ஜெனி ஒவ்வொருவர் புடவையையும் இழுத்துக் கேட்டது.

பிரின்ஸி திரும்பப் பள்ளிக்கு வந்தபோது வாய் திறக்கவில்லை. வருகைக்குக்கூடக் கையை மட்டும் தூக்கினாள். மதியச் சாப்பாட்டைத் தட்டில் வாங்கி, அப்படியே நாய்க்குக் கொட்டினாள். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார், அதட்டிப் பார்த்தார், தன் டப்பாவிலிருந்து தயிர்சாதம் கொடுத்துப் பார்த்தார். எதுவும் நடக்கவில்லை.

கார்த்திகையில் வேளாண்மைப் பாடம் முடிந்து பாட்டில் வந்தது. டிராக்டர், நாற்றங்கால், யூரியா மூட்டை, நெல் வியாபாரி என்று சீட்டுகள். டீச்சர் அவற்றைப் பிரித்துப் பார்க்கவில்லை. போன வருஷச் சீட்டுகளே அப்படியே உள்ளே கிடந்தன. பிரின்ஸி கையை விட்டு எடுத்தது, "நீ நடவுக்குப் போகும் பெண்."

சீட்டைப் பார்த்ததும் டீச்சர் பாட்டிலைத் திரும்ப நீட்டினார். "வேற எடுத்துக்கலாம்மா. இதைப் போட்டுடு," என்றார்.

பிரின்ஸி சீட்டை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டு வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். சரி, நடவுப் பெண் என்றால் ஊரில் எத்தனையோ பேர், இது சொந்த வீட்டு வேஷம் ஆகாது என்று டீச்சர் தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார்.

மறுநாள் பிரின்ஸி முன்னால் வந்து நின்றாள். பல வாரங்களாக யாரும் கேட்காத குரல், கொஞ்சம் கரகரத்து வந்தது.

"நான் நடவுக்குப் போறவ. சேத்துல குனிஞ்சு குனிஞ்சு முதுகு விட்டுப் போகும். வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தா பெரியவ ஏறி மிதிச்சு விடுவா. என் நகமெல்லாம் கறுத்துப் போயிருக்கும். எத்தனை தேச்சாலும் போகாது. நகத்தைப் பாத்தா சின்னவ சோறு வேணாம்னுவா. அதனால இடது கையால அவ கண்ணைப் பொத்திக்கிட்டுதான் ஊட்டுவேன். வாயில வந்தது என்னன்னு சொல்லு பாப்போம்னுவேன். முட்டைன்னுவா. அது வெறும் ரசம் சோறுதான். ஆமாம், முட்டைதான்னுவேன்."

கேள்வி நேரம் வந்ததும் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் தயங்கித் தயங்கிக் கேட்டாள். "ஏன் அந்த வேன்ல அத்தனை பேர் ஏறுனீங்க?"

"ஏறலைன்னா மறுநாள் கூப்பிட மாட்டாங்க," என்றாள் பிரின்ஸி, அவள் அம்மா சொல்லியிருக்கக்கூடிய அதே அலுப்போடு.

பிறகு குழாயடிக்குப் போய் வெகுநேரம் முகம் கழுவினாள். டீச்சர் வாசலில் நின்று, "வேஷம் கலைஞ்சுது," என்றபோது லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தாள். அன்று தட்டில் வாங்கியதைச் சாப்பிட்டாள். ஞானாம்பாள் ஆசிரியர் அறைக்கு வந்து, முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். வெங்கட்ராகவன்கூட அன்றைக்குக் கம்பெனியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

இதோடு விட்டிருந்தால் ஒரு குறையும் வந்திருக்காது. நல்லது நடந்துவிட்டால் அதை ஊரைக் கூட்டிக் காட்டாமல் நம்மால் இருக்க முடிகிறதா?

தை மாதம் ஆண்டு விழா. மாவட்டத்திலிருந்து பெரிய அதிகாரி வருவதாக ஏற்பாடு. தலைமையாசிரியர் டீச்சரைக் கூப்பிட்டார். "டான்ஸெல்லாம் எல்லா ஸ்கூல்லயும் போடறாங்க டீச்சர். அந்தப் பொண்ணு பேசினதை மேடையில வைங்க. உங்க முறை நாலு பேருக்குத் தெரியட்டும்."

உங்க முறை. அந்த இரண்டு சொல் டீச்சரைச் சாய்த்துவிட்டது. இத்தனை காலம் கேலி கேட்ட காது அது, பாவம். ஓய்வு பெறுவதற்குள் யாராவது ஒருவர் அப்படிச் சொல்ல மாட்டாரா என்று ஏங்கிக் கிடந்தது. ராத்திரி சாப்பிடும்போது கணவரிடம் சந்தோஷமாகச் சொன்னார்.

ராமச்சந்திரன் தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "சொந்த வீட்டு வேஷம் கூடாதுன்னு நீதானே சொல்லுவே?"

"இது வேற," என்றார் ஞானாம்பாள். "அந்தப் பொண்ணுக்கே இதனாலதான் வாய் திறந்துது."

ராமச்சந்திரன் மறுபடி தட்டுக்குக் குனிந்தார். மேற்கொண்டு கேட்டிருக்கலாம்.

ஒத்திகை நடந்தது. பிரின்ஸி மாட்டேன் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. டீச்சர் சொன்ன இடத்தில் நின்றாள், நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்தினாள். கண் பொத்தும் இடத்தில் இடது கையை இன்னும் கொஞ்சம் தூக்கு, பின்னால் இருப்பவருக்கும் தெரிய வேண்டும் என்றார் டீச்சர். தூக்கினாள். விழாவுக்கு முதல் நாள் டீச்சர் கேட்டார். "அம்மா புடவை ஏதாவது இருக்காம்மா? யூனிஃபார்ம்ல நின்னா நல்லா இருக்காது."

"இருக்கு டீச்சர்," என்றாள் பிரின்ஸி.

பச்சைப் பூப்போட்ட நைலக்ஸ் புடவை. சகாயமேரி கோயில் திருவிழாவுக்குக் கட்டிக்கொண்டு வருவது. அதைச் சுற்றிக்கொண்டு, கொசுவத்தை இழுத்துச் செருகி, பிரின்ஸி மேடைக்கு வந்தபோது ஊர்ப் பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்தில் ஒரு முனகல் எழுந்தது. முன் வரிசைக்குப் பின்னால் குழந்தைராஜ், மடியில் ஜெனி. சேறு, முதுகு, நகம் என்று பேசிக்கொண்டே வந்த பிரின்ஸி, இடது கையைத் தூக்கி இல்லாத ஒரு குழந்தையின் கண்ணைப் பொத்தி, "வாயில வந்தது என்னன்னு சொல்லு பாப்போம்," என்றாள்.

"முட்டை!" என்று ஒரு கீச்சுக் குரல் கத்தியது.

அப்பாவின் மடியிலிருந்து நழுவி, நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து, மேடைப் படியில் தவழ்ந்து ஏறி, "அம்மா, அம்மா" என்று அந்தப் புடவையைக் கட்டிக்கொண்டது ஜெனி. பிரின்ஸி தூக்கிய கையை இறக்கினாள். பிறகு தங்கையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு மீதியைப் பேசி முடித்தாள். கைதட்டல் ஓயவே இல்லை. குழந்தைராஜ் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். டீச்சரை மேடைக்கு அழைத்துப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை என்பது இருக்கிறதே, போர்த்திக்கொண்டவரின் தோளை மட்டுமா மூடுகிறது? படம் எடுத்தார்கள், மறுபடி எடுத்தார்கள், அதிகாரிக்கு டிபன் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து டீச்சர் தேடியபோது பிரின்ஸி போய்விட்டிருந்தாள். புடவையோடு, இடுப்பில் குழந்தையோடு, அப்பாவின் மொபட்டில் பின்னால் உட்கார்ந்து போனதைப் பார்த்ததாகக் காவலாளி சொன்னார்.

வீட்டுக்குப் போய்ப் பொன்னாடையை மடிக்கும்போதுதான் டீச்சருக்கு நினைவு வந்தது. முகம் கழுவச் சொல்லவில்லை. திங்கட்கிழமை முதல் வேலையாகக் கழுவச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை பிரின்ஸி வரவில்லை. அந்த வாரமும் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. ஃபோன் செய்தால் குழந்தைராஜ் எடுத்து, "வருவா டீச்சர், வருவா," என்றார். மாசி வந்து அறுவடை மெஷின்கள் சாலையை அடைத்துக்கொண்டு போக ஆரம்பித்தன. முழு ஆண்டுத் தேர்வு நெருங்கியது. எழுதாவிட்டால் பத்தாம் வகுப்பு இல்லை. பத்தாம் வகுப்பு இல்லாத பெண்ணுக்கு அந்த ஊரில் என்ன இருக்கிறது என்பது டீச்சருக்குத் தெரியும். அடுத்த வருஷம் நடவு வேன் இருக்கிறது.

"கல்வி ஆபீஸ்ல புகார் கொடுக்கலாம் டீச்சர்," என்றார் தலைமையாசிரியர். "ஆளுங்க வந்து ரெண்டு நாள் கொண்டாந்து விடுவாங்க. மூணாம் நாள் மறுபடியும் வர மாட்டா." அவருக்கும் வருத்தம்தான். ஆனால் வருகைப் பட்டியலில் அவளுக்கு நேரே என்ன போடுவது என்ற கவலை அதைவிடக் கொஞ்சம் பெரிது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து ஆட்கள் வீடு திரும்பும் நேரமாகப் பார்த்து டீச்சர் பஸ் ஏறினார். ஓட்டு வீடு, வாசலில் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்தது. உள்ளே பிரின்ஸி தரையில் உட்கார்ந்து தங்கைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இடது கை ஜெனியின் கண்ணைப் பொத்தியிருந்தது. நைட்டி மேல் துண்டு, தூக்கிச் செருகிய கொண்டை.

"வாங்க டீச்சர். உட்காருங்க. காபி போடட்டுமா?" என்றாள். வீட்டுக்கு வந்தவரை ஒரு குடும்பத் தலைவி கேட்பது போலவே இருந்தது அது.

குழந்தைராஜ் உள்ளிருந்து ஓடி வந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். டீச்சர் வாயெடுப்பதற்கு முன்னால் அவர் இரண்டு கையையும் கூப்பிவிட்டார்.

"மாதாவுக்கு அடுத்தபடியா உங்களைத்தான் டீச்சர் கும்பிடறேன். சின்னது ராத்திரியெல்லாம் அம்மா அம்மான்னு கத்தும். யார் ஊட்டினாலும் துப்பும். நாகப்பட்டினத்துல எங்க அக்கா இருக்கு, தனி ஆளு. இங்கயே வந்து இருந்து பாத்துக்கறேன்னு மூட்டை கட்டி வச்சிருந்துச்சு. அதுக்குள்ள நீங்க மேடையில நிக்க வச்சீங்க. அன்னையிலேருந்து சின்னது இவ கையில சாப்பிடுது, இவ பக்கத்துல தூங்குது. இவளைத்தான் அம்மாங்குது. நான் அக்காவை வர வேணாம்னுட்டேன். எங்க வீட்டுக்காரியைத் திருப்பிக் கொடுத்துட்டீங்க டீச்சர்."

டீச்சர் நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். திட்டு வாங்கத் தயாராகத்தான் வந்திருந்தார்.

"அக்காவை வரச் சொல்லுங்க குழந்தைராஜ். இவ படிக்கிற பொண்ணு. பரீட்சை வருது."

"பாப்போம் டீச்சர்."

"பாப்போம்னா ஆகாது. பத்தாவதாவது முடிக்கணும்."

"சின்னது ஏங்கிப் போயிடும் டீச்சர். மறுபடியும் ஒருக்கா அதுக்கு அம்மா சாகணுமா?"

டீச்சருக்குக் கைவசம் இருந்தது ஒரே ஒரு வித்தைதான். அதைத்தான் எடுத்தார்.

"வேடிக்கையா நினைக்காதீங்க. கொஞ்ச நேரம் நீங்க பிரின்ஸியா இருங்க. நான் கேக்கறேன். அவளா இருந்து நீங்க பதில் சொல்லுங்க."

குழந்தைராஜ் வெட்கப்பட்டுச் சிரித்தார். டீச்சர் சிரிக்கவில்லை என்று கண்டதும் தரையில் சம்மணம் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரின்ஸி ஊட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

"பிரின்ஸி, உனக்கு ஸ்கூலுக்கு வரணும்னு ஆசை இல்லையாம்மா?"

மனிதர் ஏமாற்றவில்லை. நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "ஆசை இருக்கு டீச்சர்," என்றார்.

டீச்சருக்கு மூச்சு வந்தது.

"ஆனா எங்கப்பா பாவம் டீச்சர். காலையில போனா மூட்டை தூக்கித் தூக்கி ராத்திரிதான் வருவாரு. பாப்பா பாவம். நான் இல்லைன்னா இது வீடா இருக்காது. எனக்கு இங்க இருக்கறதுதான் சந்தோஷம்." சொல்லும்போதே அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மகள் பக்கம் திரும்பினார். "என்னம்மா, அப்பா சரியாத்தானே சொன்னேன்?"

பிரின்ஸி ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

இத்தனை வருஷமாகத் தான் நம்பிக்கொண்டு திரிந்தது கண் முன்னால் உடைந்து கிடப்பதை டீச்சர் பார்த்தார். இன்னொருவராக நின்று பேசினால் அவர் மனசு தெரியும் என்று நினைத்திருந்தார். இங்கே ஒருவர் மகளின் வாயை வாங்கி, தன் ஆசையை அதில் போட்டுப் பேசிவிட்டு, மகளையே சாட்சிக்கும் கூப்பிட்டுவிட்டார். ஒரு துளிக்கூடப் பொய் இல்லாமல். ஆண்டு விழா மேடையில் தான் செய்தது மட்டும் வேறா? அந்தப் பெண்ணின் வாயை வாங்கி எனக்கொரு பொன்னாடையைத்தானே தைத்துக்கொண்டேன் என்று நினைத்தபோது டீச்சருக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"பிரின்ஸி, நீ சொல்லும்மா. உனக்கு என்ன வேணும்?"

"யாரா இருந்து சொல்லணும் டீச்சர்?"

அவள் குத்திக் கேட்கவில்லை. பாட்டிலில் கை விட்டு எடுத்த சீட்டு புரியாவிட்டால் பிள்ளைகள் எப்படிக் கேட்குமோ, அப்படித்தான் கேட்டாள். நீ நீயாகவே இருந்து பேசு என்று ஒரு சீட்டை டீச்சர் அந்தப் பாட்டிலில் ஒருநாளும் போட்டதில்லை.

"நீயாத்தான்," என்றார்.

பிரின்ஸி யோசித்தாள். அப்பாவைப் பார்த்தாள், தங்கையின் வாயோரத்தைத் துடைத்தாள். நெடுநேரம் ஆகியும் அவளுக்கு ஒன்றும் வரவில்லை.

கிளம்பும்போது அவள் வாசல்வரை வந்தாள். வேலியோரம் அடிபம்பு இருந்தது. டீச்சர் அங்கே நின்றுவிட்டார். "அன்னைக்கு உன்னை முகம் கழுவச் சொல்ல மறந்துட்டேன். இப்பக் கழுவிக்கோம்மா," என்றார். சொல்லும்போது அவருக்கே அது பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. ஆனாலும் பம்பின் கைப்பிடியைப் பிடித்து அவரே அடித்தார்.

பிரின்ஸி மறுக்கவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் தண்ணீரை ஏந்தி, பள்ளிக்கூடக் குழாயடியில் செய்வதைப் போலவே நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். நிமிர்ந்தபோது புருவத்திலும் முகவாயிலும் தண்ணீர் சொட்டியது. சின்ன முகம். ஒன்பதாம் வகுப்பு முகம். ஒரு நிமிஷம் டீச்சருக்கு எல்லாம் சரியாகிவிடும் போலக்கூட இருந்தது.

"வேஷம் கலைஞ்சுது," என்றார்.

பிரின்ஸி சிரிக்கப் பார்த்தாள்.

"அம்மா!" என்று உள்ளேயிருந்து ஜெனி கூப்பிட்டது. அவள் அசையவில்லை. டீச்சரும் அசையவில்லை. "அம்மா, எங்க போனே? அம்மா!"

முகம் கழுவிய பிறகு யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. டீச்சரின் முகத்தில் அது எழுதியிருந்ததோ என்னவோ, பிரின்ஸி மெதுவாகச் சொன்னாள்.

"பாப்பாவுக்கு அந்தச் சட்டம் தெரியாது டீச்சர்."

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வரேண்டி தங்கம், இதோ வந்துட்டேன்," என்று குரல் கொடுத்தபடி உள்ளே போனாள். ஆண்டு விழாவில் ஊரே கைதட்டிய குரல் அது. டீச்சர் பம்பின் கைப்பிடியைப் பிடித்தபடி அங்கேயே நின்றிருந்தார்.